டிரான்ஸ்மிட்டர் சரியாக இருந்தும் பிஎல்சி தவறான வெப்பநிலை காட்டுவது ஏன்?

கேள்வி: எண்ணெய் ஹீட்டரில் பிடி100 வெப்பநிலை சென்சாரும், அதன் அளவை 4–20 மில்லியாம்ப் மின்னோட்டமாக மாற்றி அனுப்பும் டிரான்ஸ்மிட்டரும் இருக்கின்றன. எண்ணெய் 100 டிகிரியில் இருக்கும்போது பிஎல்சி (கட்டுப்பாட்டுக் கணினி) 125 காட்டுகிறது. சென்சாரை மாற்றலாமா?

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். முதலில் லூப்பில் (டிரான்ஸ்மிட்டரையும் பிஎல்சியையும் இணைக்கும் மின்சுற்றில்) மல்டிமீட்டரைத் தொடராக இணைத்து மின்னோட்டத்தைப் பாருங்கள். 12 மில்லியாம்ப் வந்தால், அநேகமாக டிரான்ஸ்மிட்டரில் 0–200 என்றும் பிஎல்சியில் 0–250 என்றும் ரேஞ்ச் போட்டிருப்பார்கள். 12 என்பது 4-க்கும் 20-க்கும் சரி பாதி. 200-ல் பாதி 100, 250-ல் பாதி 125. இரண்டு பக்கமும் ஒரே ரேஞ்ச் கொடுத்தால் சரியாகிவிடும்.

அப்புறம், பலரும் கண்டுகொள்ளாத ஒரு செட்டிங் இருக்கிறது: சென்சார் ஒயர் அறுந்தால் வெளியீடு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது. நாமூர் என்ற தொழில்துறை அமைப்பின் என்இ 43 பரிந்துரைப்படி 3.8 முதல் 20.5 மில்லியாம்ப் வரை அளவீடு, 3.6-க்குக் கீழே இறங்கினாலோ 21-க்கு மேலே ஏறினாலோ பழுது. ஹீட்டருக்கு மேல்பக்கமே வையுங்கள். கீழ்ப்பக்கம் வைத்தால், ஒயர் அறுந்ததும் எண்ணெய் குளிர்ந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு கன்ட்ரோலர் முழுமூச்சாகச் சூடேற்றும். பெரிய ஆபத்து அது. தயவுசெய்து சோதித்துவிடுங்கள்: கன்ட்ரோலரை மேனுவலில் போட்டு, ஹீட்டரை அணைத்து, ஒரு சென்சார் ஒயரைக் கழற்றுங்கள். மீட்டர் 21-க்கு மேல் போக வேண்டும்.

டாம்பிங் (அளவீட்டின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் நேரம்) சில விநாடிகள் போதும். சென்சாரைப் பாதுகாக்கும் உறையான தெர்மோவெல்லே ஏற்கனவே மெதுவாகத்தான் சூடாகும்.