ஒன்பதாம் வகுப்புக்கு மகளை மலைக்கு அழைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: எங்களுக்கு வீடும் ரேஷன் கார்டும் தேனி மாவட்டம் கூடலூரில். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரள மலையில் உள்ள வண்டன்மேட்டில் ஒரு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. அதுபோக இன்னொருவர் தோட்டத்தில் மேற்பார்வை வேலை. வருஷத்தில் எட்டு, ஒன்பது மாசம் நானும் மனைவியும் மலையில்தான். மகள் பாட்டியோடு கூடலூரில் தங்கி, அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் எட்டாவது முடித்திருக்கிறாள். மகன் எங்களோடு மலையில் இருந்து ஐந்தாவது முடித்திருக்கிறான். வரும் ஜூனில் மகளையும் மேலே அழைத்துவந்து சி.பி.எஸ்.இ. பள்ளியில் சேர்க்க எண்ணம். வேனோடு சேர்த்து வருஷம் 70,000 ஆகும். வங்கி டெபாசிட் 2.4 லட்சம், மகளின் செல்வமகள் கணக்கில் 1.9 லட்சம் இருக்கிறது. கேரள அரசு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ.யில் சிட்டி (ஏலச் சீட்டு) மாசம் 5,000 வீதம் 50 மாசம். 14 தவணை கட்டியாச்சு. அதுபோக மாசம் 3,000, தை மாசம் காய் விற்றதில் 40,000 ஒதுக்க முடியும். ஏஜென்ட் ஒருவர் வருஷம் 50,000 கட்டுகிற கல்விப் பாலிசி எடுக்கச் சொல்கிறார். மகளின் காலேஜுக்கு எப்படிப் பணம் சேர்ப்பது? யாருக்கும் பட்டப்படிப்பு கிடையாது எங்கள் வீட்டில்.

– வண்டன்மேட்டிலிருந்து ஒரு வாசகர்

பதில்: பாலிசியைப் பிறகு பார்ப்போம். மாசம் 3,000, தையில் 40,000. ஆக வருஷத்துக்கு 76,000 ஒதுக்க முடியும் என்கிறீர்கள். பள்ளிக்கு 70,000 போனால் மிச்சம் ஆறாயிரம். ஆக, காலேஜுக்குச் சேர்க்க வேண்டிய பணம் நாலு வருஷமும் பள்ளிக்கே போய்விடும். உங்கள் கேள்வியில் பெரிய முதலீட்டு முடிவே இந்தப் பள்ளி மாற்றம்தான்.

செலவு மட்டுமல்ல, கைவிட்டுப் போவதையும் பாருங்கள். இன்றைய விதிப்படி, 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. அதில் பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. எந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்தாலும் புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் 1,000 வருகிறது. நாலு வருஷப் படிப்பானால் 48,000. உங்கள் மகள் 6, 7, 8 மூன்றையும் முடித்துவிட்டாள். ஒன்பதாவதை எல்லைக்கு அந்தப் பக்கம் படித்தால் அந்த மூன்று வருஷமும் கணக்கில் நிற்காது. பத்தாவதில் திரும்பக் கூடலூருக்கு வந்து சேர்ந்தாலும் பயனில்லை. இடையில் ஒரு வருஷம் அறுந்தாலே தகுதி போய்விடும்.

ஆங்கிலம்தான் கவலை என்றால், அரசுப் பள்ளியிலேயே ஆங்கிலவழிப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். 7.5 சதவீதத்துக்கு எந்த வழியில் படித்தாலும் பரவாயில்லை. ஆனால் மாறுவதானால் பதினொன்றில் மாற்றுங்கள், ஒன்பதில் வேண்டாம். ஒன்று முதல் பத்து வரை முழுக்கத் தமிழ்வழியில் முடித்தால், நாளைக்கு அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதும்போது தமிழ்வழியில் பயின்றோருக்கான 20 சதவீத ஒதுக்கீட்டில் வரலாம். இன்னும் இரண்டே வருஷம். அதை ஏன் விடுவது? அரசு உதவிபெறும் பள்ளிக்கு மாற்றலாமே என்று யாராவது சொன்னால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே தமிழ்வழியில் படித்தால் புதுமைப்பெண் பணம் வரும், 7.5 சதவீதம் வராது.

மகளைப் பிரிந்திருப்பது கஷ்டம்தான், அதற்கு என்னிடம் கணக்கு இல்லை. மேலே அழைத்துக்கொள்வது என்றே முடிவெடுத்தால், ரேஷன் கார்டைக் கூடலூரிலிருந்து மாற்றாதீர்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சலிங்கில் 8 முதல் 12 வரை இங்கேயே படித்தவர்களிடம் இருப்பிடச் சான்று கேட்பதில்லை. வெளிமாநிலத்தில் ஒரு வகுப்பு படித்திருந்தாலும் கேட்பார்கள். அதை தாசில்தாரிடமிருந்து இ-சேவை வழியாக வாங்க, இங்கே வசித்ததற்கான தாள் வேண்டும். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் அப்படியே. கேரள வில்லேஜ் ஆபீசில் வாங்கியது தமிழ்நாட்டுச் சலுகைக்குச் செல்லாது.

இனி பணம். காலேஜில் சேர்வது ஜூன் 2030. இடம் ஒதுக்கிய சில நாளில் கட்டணம் கட்டியாக வேண்டும். ஏலக்காய்க்காரர்களுக்கு அதைவிட மோசமான மாசம் கிடையாது. பழைய காய் விற்றுத் தீர்ந்திருக்கும், புது எடுப்பு ஆடி, ஆவணிக்குமேல்தான். கந்துவட்டிக்காரர் வாசலுக்கு ஆட்கள் போவதும் அந்தச் சமயத்தில்தான். அதனால் எந்தச் சேமிப்பானாலும் வட்டி எவ்வளவு என்பதற்கு முன்னால், மே மாசத்தில் கைக்கு வருமா என்று பாருங்கள்.

தபால் நிலைய ஆர்.டி. (மாசத் தவணைச் சேமிப்பு) இதில்தான் காலை வாரும். இப்போதைய வட்டி 6.7 சதவீதம், நல்லதுதான். ஆனால் அது 60 மாசத் திட்டம். வரும் ஜூனில் தொடங்கினால் முதிர்வது ஜூன் 2031, உங்களுக்கு ஒரு வருஷம் பிந்தி. மூன்று வருஷம் முடிந்தபின் இடையில் முடிக்கலாம், ஆனால் சேமிப்புக் கணக்கு வட்டிதான் தருவார்கள். என்.எஸ்.சி. என்கிற தேசிய சேமிப்புப் பத்திரமும் ஐந்து வருஷப் பூட்டு. மாசம் 3,000-ஐ வங்கி ஆர்.டி.யில் போடுங்கள், 47 அல்லது 48 மாசம் என்று நீங்களே கெடு வைக்கலாம். 6.5 சதவீதம் என்று வைத்தால் சுமார் 1.65 லட்சம் சேரும்.

தைப் பணம் 40,000-ஐ ஆர்.டி.யில் கலக்காமல், காய் விற்ற அதே வாரம் தனி டெபாசிட்டாகப் போடுங்கள். நாலு தைக்கும் சேர்த்து 1.8 லட்சம் வரும். முதல் இரண்டும் மே 2030-லும் அடுத்தவை மே 2031, மே 2032-லும் முதிரும்படி கெடு வையுங்கள். எல்லாப் பணமும் முதல் வருஷமே தேவைப்படாது. இருக்கும் 2.4 லட்சத்தில் ஒரு லட்சத்தை ஆபத்துக்கு வைத்துக்கொண்டு, 1.4 லட்சத்தை நாலு வருஷத்துக்குப் போடுங்கள், அது 1.8 லட்சம் ஆகும். அந்த ஒரு லட்சத்தை 25,000 வீதம் நாலு ரசீதாகப் போட்டால், அவசரத்துக்கு ஒன்றை உடைத்தாலும் மற்றவற்றின் வட்டி கெடாது. விலை விழும் வருஷத்தில் இதுதான் மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றும்.

செல்வமகள் கணக்கைத் தொடருங்கள். 2024 ஜனவரி முதல் 8.2 சதவீதம், வீட்டில் உள்ளதிலேயே அதுதான் நல்ல வட்டி. மேற்படிப்புக்கு எடுக்கும்போது முந்தைய மார்ச் 31 இருப்பில் பாதிவரைதான் தருவார்கள். கட்டணம் அதைவிடக் குறைவென்றால் கட்டணம் எவ்வளவோ அவ்வளவுதான். மே 2030-ல் அவசர அவசரமாகப் போடுகிற பணம் அந்தப் பாதிக்குள் வராது. வருஷம் 12,000-ஐ ஏப்ரல் 5-க்குள் போட்டுவிடுங்கள். மாசத்தின் 5-ம் தேதி முடிந்ததிலிருந்து கடைசி நாள் வரையிலான குறைந்த இருப்புக்கே வட்டி என்பதால், ஆறாம் தேதி போட்டால் அந்த மாச வட்டி வராது. இந்தக் கணக்கில் மார்ச் 2030-ல் சுமார் 3.2 லட்சம், அதில் 1.6 லட்சம் எடுக்கலாம். இந்த 12,000 மட்டும் நீங்கள் சொன்ன 76,000-க்கு மேலே. சிட்டியில் ஏலத் தள்ளுபடியால் மாசாமாசம் குறைகிற தவணைப் பணத்தை இதற்குத் திருப்புங்கள்.

சிட்டியை ஏலத்தில் கூப்பிடாதீர்கள். பள்ளி திறக்கும் நேரத்தில் எல்லாருக்கும் பணம் வேண்டும், தள்ளுபடி கூடுதலாகப் போகும். மீதி 36 தவணை 2029 நடுவில் முடியும். கடைசிவரை இருந்தால் 2.5 லட்சத்தில் நடத்துபவர் கமிஷன் 5 சதவீதம் போக 2,37,500. அதை ஒரு வருஷம் டெபாசிட்டில் போட்டால் 2.5 லட்சம். எல்லாம் கூட்டினால் ஒன்பது லட்சத்தைத் தாண்டுகிறது. விடுதியோடு வருஷம் ஒன்றரை லட்சம் என்று வைத்தாலும் நாலு வருஷத்துக்கு ஆறு லட்சம். கடன் வாங்காமலே முடியும்.

அந்தப் பாலிசி வேண்டாம். உங்கள் தைப் பணத்துக்குமேல் பத்தாயிரம் கேட்கிறது, இப்படிப்பட்ட பாலிசியில் பணம் வருவதோ பெரும்பாலும் மகள் படித்து முடித்தபிறகு. காய் விலை விழுந்த வருஷம் பிரீமியம் கட்ட முடியாமல் சரண்டர் செய்தால் போட்டதில் ஒரு பகுதி போய்விடும். உயிர்க்காப்புக்கு டேர்ம் பாலிசி (சேமிப்பு கலக்காத, ஆயுள் காப்பு மட்டும் தருவது) தனியாக எடுங்கள். அதற்குமுன் இன்றைக்கே வங்கியில் வருஷம் 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பும், 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பும் எழுதிக் கொடுங்கள். கம்பம் மெட்டு வளைவுகளில் ஜீப்பில் போய்வருபவர் 20 ரூபாயை யோசிக்கக் கூடாது.

பதினொன்றில் கணிதம் உள்ள பிரிவு எடுத்தால் பொறியியலுக்கும் வழி திறந்திருக்கும். பன்னிரண்டு முடிந்ததும் முதல் பட்டதாரி சான்று வாங்குங்கள். 7.5 சதவீதத்தில் இடம் கிடைக்காமல் பொது கவுன்சலிங்கில் சேர்ந்தால், கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியை அது குறைக்கும். வீட்டில் முதலில் பட்டப்படிப்புக்குப் போகிறவருக்கு மட்டும்தான் அந்தச் சலுகை, மகனுக்கு வராது.

மகனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இந்த ஜூனில் அவசரம் அவனுக்குத்தான். அவன் ஆறாவது சேர்கிறான். அந்த 6 முதல் 12 கணக்கு அவனுக்கு இப்போதுதான் தொடங்குகிறது. மலையிலேயே ஆறாவது படித்துவிட்டு ஏழாவதுக்குக் கூடலூர் வந்தால் 7.5 சதவீதமும் போச்சு, மாசம் 1,000 தரும் தமிழ்ப்புதல்வன் திட்டமும் போச்சு. பள்ளியில் டி.சி. வாங்கும்போதே பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். மலைப் பக்கத்துத் தாள்களில் வீட்டுப் பெயரை முன்னால் சேர்த்துவிடுவதும் உண்டு. பத்தாவது மதிப்பெண் சான்றில் அது ஏறிவிட்டால் திருத்துவதற்குள் கவுன்சலிங் முடிந்துவிடும். மகளுக்கு 15 வயதானதும் ஆதாரில் கைரேகையைப் புதுப்பியுங்கள். பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் வங்கிக் கணக்கு இருந்தால், ஆதாரைக் கடைசியாக இணைத்தது கூடலூர்க் கணக்கில்தானா என்று வங்கியில் கேட்டு உறுதி செய்யுங்கள். கடைசியாக ஆதாரை இணைத்த கணக்குக்குத்தான் உதவித்தொகை போகும்.