கர்ப்பத்தில் நெஞ்செரிச்சல் மாத்திரை: இரத்த அழுத்தம் ஏறுமா?

ஏழாம் மாதத்தில் நெஞ்செரிச்சல் மாத்திரையான ஒமெப்ரசோல் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறுமா என்று டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள், சகோதரி. மாத்திரைதான் காரணம் என்று நிரூபணம் இல்லை. நம் கேப் டவுனின் டைகர்பர்க் மருத்துவமனையில், பிரீஎக்ளாம்ப்சியா (கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் நோய்) கண்ட 120 பெண்களில் ஒரு பாதியினருக்கு இதே வகையான எசோமெப்ரசோலை அந்த நோய்க்கு மருந்தாகவே தினம் 40 மி.கி. கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் முடிவு வந்தது: பேறுகாலத்தைத் தள்ளிப்போட அது உதவவில்லை; தாய்சேய்க்குக் கேடும் தென்படவில்லை.

என் கவலை வேறு. என் தங்கை 34ஆம் வாரத்தில், வலது விலாவுக்குக் கீழே எரிகிறது என்று ஆன்டாசிட் குடித்துக்கொண்டே இருந்தாள். விரல் வீங்கி மோதிரம் கழலவில்லை. அழுத்தம் 160/110! அவளுக்கு வந்திருந்தது பிரீஎக்ளாம்ப்சியா; எரிந்தது இரைப்பை அல்ல, அதனால் பாதிக்கப்பட்ட கல்லீரல். மருந்துக்கு அடங்காத மேல்வயிற்று வலி, கடும் தலைவலி, கண் மங்கல், திடீர் முகவீக்கம் எது வந்தாலும் அன்றே கிளினிக்குக்குப் போங்கள். மருத்துவர் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.