ஜெர்மனியில் லோகோமோர் என்று ஒரு தனியார் ரயில் ஓடியதாமே, அது என்ன ஆனது?

ஐந்தே மாதம்தான் ஓடியது. 2016 டிசம்பரில் ஸ்டுட்கார்ட்–பெர்லின் இடையே, பொதுமக்களிடம் இணையம் வழியாகத் திரட்டிய பணத்தையும் போட்டு, புதுப்பித்த பழைய பெட்டிகளுக்கு ஆரஞ்சு நிறம் அடித்து, அரசு ரயிலைவிட மலிவாக விட்டார்கள். இருப்பதே ஒரே ரயில், அது பழுதானால் அன்றைய பிழைப்பு போச்சு. தண்டவாளத்துக்கு வாடகை வேறு கட்ட வேண்டும், அதை வாங்குவதோ போட்டியாளரான அரசு ரயில் நிறுவனம் டாய்ச்ச பான் குழுமமே (இதுதான் வேடிக்கை!). 2017 மே மாதம் திவால்.

அப்புறம் செக் நாட்டு ரயில் நிறுவனமான லியோ எக்ஸ்பிரஸ் இந்த ரயிலை எடுத்து நடத்த, பச்சைப் பேருந்து விடும் ஃபிளிக்ஸ்பஸ் டிக்கெட் விற்றது. ஆகஸ்டில் மறுபடி ஓடியது. 2018 மார்ச்சில் ஃபிளிக்ஸ்பஸ் தன் சொந்தப் பெயரில் ஃபிளிக்ஸ்டிரெயின் தொடங்கியது, ஸ்டுட்கார்ட்–பெர்லின் தடமும் அதன் கீழ் வந்தது. ஃபிளிக்ஸ்டிரெயின் இன்றும் ஓடுகிறது.