பெட்டியில் 'டயபடிக்', காலில் கொப்புளம்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். அப்பாவுக்கு 12 வருஷமாகச் சர்க்கரை. பொள்ளாச்சிக் கடை ஒன்றில் 'டயபடிக் செருப்பு' என்று 1,850 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தேன். நாலாம் நாள் சுண்டுவிரல் ஓரம் கொப்புளம். அப்பாவுக்குத் தெரியவே இல்லை, அம்மாதான் பார்த்தார். கடையில் கேட்டால், "போட்டு நடந்ததை எடுக்க மாட்டோம். கேரளாக்காரங்க கோயமுத்தூர் வந்துதான் கேஸ் போடணும்" என்கிறார்கள். அப்பா பழனி கோயிலுக்கு வேறு போக வேண்டும் என்கிறார். என்ன செய்வது?

பதில்: செருப்பு இருக்கட்டும், முதலில் கால். கொப்புளத்தைக் குத்தாதீர்கள், வெந்நீரில் காலை வைக்காதீர்கள், இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். அது வலிக்கவில்லை என்பதுதான் எனக்குக் கவலை. நரம்பு மரத்திருக்கலாம். பாதத்தில் மெல்லிய நைலான் இழையை ஊன்றிப் பார்க்கும் சோதனை சில நிமிஷ வேலைதான், கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

இனி செருப்பு. உள்பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் என்றால் அமுங்கி, மறுபடி எழும்பும். அடிப்பாகம் கெட்டியாக, முள் ஏறாதபடி இருக்க வேண்டும். வார்களின் உட்பக்கம் விரலை ஓட்டுங்கள். கொப்புளம் வந்த இடத்தில் தையல் முடிச்சு நெருடினால் அதுதான் குற்றவாளி. எம்.சி.ஆர். என்று சொல்லிச் சாதா ரப்பரைத் தந்திருந்தாலும் தவறு கடைக்காரருடையது. ஆனால் வெறுமனே அளவு பிடிக்கிறது என்றால், உண்மையைச் சொல்கிறேன், அதைக் குறைபாடு என்று நிரூபிப்பது சிரமம்.

குறை இருந்தால் விடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு போடாத பட்சத்தில், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். கோயமுத்தூருக்கு அலைய வேண்டியதுமில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊருக்குரிய பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். பல கடைகள் அதிலேயே இறங்கி வந்துவிடும். பில், பெட்டி, டாக்டர் சீட்டு, கொப்புளத்தின் போட்டோ நான்கும் பத்திரம்.

அடுத்ததை அப்பாவை அழைத்துப்போய்ச் சாயங்காலம் வாங்குங்கள். கால் வீங்கியிருக்கும் நேரத்து அளவே சரியான அளவு. நிற்கவைத்து, இரண்டு காலையும் அளக்கச் சொல்லுங்கள். விரலிடுக்கில் மாட்டும் வார் வேண்டாம், குதிகால் பக்கம் வார் வேண்டும். அதுவரை வெறுங்காலில் வாசல்வரைகூட வேண்டாம். பழனிக்குப் போவதும் கொப்புளம் ஆறிய பிறகுதான். அப்போதும் கல் சுடுகிற மத்தியானத்தில் அல்ல.