மகள் நிருவாகப் பக்கம் போகட்டுமா?

அன்புள்ள அக்கா,

மகள் மருத்துவ நிருவாகத்துக்குப் போக விரும்புகிறாள் என்று சொல்லி, "இவ்வளவு கஷ்டப்பட்டு டொக்டருக்குப் படிச்சது ஃபைல் பார்க்கவோ?" என்று போன கிழமை கேட்டீர்கள். மகள் பக்கத்திலேயே இருந்ததால் அன்று நான் அதிகம் பேசவில்லை.

மருத்துவ நிருவாகம் என்பது படிப்பை விட்டு ஓடுகிறவர்களின் மூலை இல்லை. அதுவும் ஒரு விசேட துறைதான். கொழும்பில் டொக்டர்கள் மேற்படிப்புப் படிக்கும் பீ.ஜீ.ஐ.எம். நிறுவனத்தில் அதற்கு எம்.எஸ்ஸி.யும் எம்.டி.யும் இருக்கின்றன. இன்டேர்ன் பயிற்சி முடித்து, கொஞ்சக் காலம் சேவை செய்து, போட்டிப் பரீட்சை எழுதித்தான் உள்ளே போக வேண்டும். ஆஸ்பத்திரிப் பணிப்பாளர், பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் போன்ற கதிரைகளுக்கு அதுதான் பாதை.

சரி, அந்தக் கதிரையால் யாருக்கு என்ன லாபம்? 2022ஐ நினைத்துப் பாருங்கள். இருநூறு ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. நம் மருந்துகளில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. அந்த வருசம் என் அம்மாவின் கிளினிக் கொப்பிக்குள் 'வெளியில் வாங்கவும்' என்று ஒரு துண்டு வைத்துக் கொடுத்தார்கள். பாமசியில் விலையைக் கேட்டதும் அம்மா, "பாதி மாதத்துக்குத் தா தம்பி" என்றார். அடுத்த கிளினிக்கில் ஓர் இளம் டொக்டர் அந்தத் துண்டைப் பார்த்தார். கொம்பனிப் பெயரை வெட்டிவிட்டு மருந்தின் பொதுப் பெயரை எழுதினார். அதே மருந்து, வேறு கொம்பனி, விலை குறைவு. அம்மா முழு மாதத்துக்கும் வாங்கினார்.

அந்த டொக்டர் ஒரு துண்டில் செய்ததை நாடு முழுவதற்கும் செய்ய முனைந்தவர் சேனக பிபிலே. மருந்தியல் பேராசிரியர், அவரும் ஒரு டொக்டர்தான். 1971இல், டொக்டரும் அரசியல்வாதியுமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து நாட்டின் மருந்துத் தேவை பற்றி அறிக்கை கொடுத்தார். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகியது. தேவையான மருந்துகளைத் தெரிந்தெடுத்து, பொதுப் பெயரில், மொத்தமாக, உலகமெல்லாம் விலை கேட்டு வாங்கும் முறை வந்தது. எத்தனை நோயாளர்களை அவர் தொட்டுப் பார்த்தாரோ தெரியாது. ஆனால் எந்த மருந்து வேண்டும், எது வெறும் பெயர் என்று பிரித்துச் சொல்ல வைத்தியம் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. கணக்காளரால் மட்டும் முடிகிற வேலை இல்லை.

இனி கசப்பான பக்கம். பின்னேரம் தனியாக நோயாளர் பார்த்து உழைக்கும் வருமானத்தை மகள் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. இடமாற்றம் வரும். திருகோணமலையிலேயே இருக்கலாம் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். தொழிற்சங்கமும் அமைச்சும் இழுபடும்போது நடுவில் நிற்பது அவள்தான். அப்புறம் சிங்களம். கொழும்பில் கூட்டங்கள் பெரும்பாலும் சிங்களத்தில்தான் ஓடும். வாசித்து, பேசி, வாதாடவும் தெரியாவிட்டால் நம் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய பங்கைக் கேட்டு வாங்க முடியாது. இதை நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன், அரைவாசிப் பேர் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

ஒரு சந்தேகம் எனக்கும் உண்டு. மகள் இரவுக் கடமையில் களைத்துப்போய் இதைக் கேட்கிறாளா, உண்மையாகவே விருப்பமா? களைப்பு என்றால் நிருவாகம் மருந்தில்லை. அங்கே களைப்பு வேறு மாதிரி, அவ்வளவுதான். ஆகையால் உடனே விண்ணப்பிக்க வேண்டாம். முதல் நியமனம் மூதூர், கிண்ணியா போன்ற பக்கம் கிடைத்தால் மறுக்காமல் போகட்டும். சின்ன ஆஸ்பத்திரியில்தான் மருந்து எப்படிக் கேட்கிறார்கள், எது எப்போது முடிகிறது, அம்புலன்ஸ் ஏன் நிற்கிறது என்று எல்லாம் கண்ணுக்கு முன்னால் தெரியும். பெரிய ஆஸ்பத்திரியில் அது நாலு கதவுக்குப் பின்னால் இருக்கும். மருந்தாளரோடு ஒரு நாள் ஸ்டோரில் நிற்கச் சொல்லுங்கள். காலாவதித் திகதி பார்த்துப் பெட்டி அடுக்குவது அலுப்பாக இருந்தால், வார்ட்டுக்கே திரும்பலாம். ஒரு குறையும் இல்லை.

ஆறு மாதம் கழித்து இரண்டு பேரும் வாருங்கள். ஸ்டோரில் பார்த்ததில் எதை மாற்ற வேண்டும் என்று தோன்றியதோ, அதை மகள் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு வரட்டும். நீங்கள் வாசிக்க வேண்டாம், அக்கா. நான் வாசிக்கிறேன்.