இல்லாமலே போன நாடுகளுக்கு எதிரான தீர்க்கதரிசனங்களை இன்று ஏன் படிக்க வேண்டும்?

ஏதோம், மோவாப், அம்மோன், தீரு என்று இஸ்ரவேலைச் சுற்றியிருந்த நாடுகளுக்கு வந்த நியாயத்தீர்ப்பு வசனங்களில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு வருட வேதவாசிப்புத் திட்டத்தில் எசேக்கியேல் 25-க்கு வந்து சோர்ந்துபோயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் இறையியல் படித்தவன் இல்லை. ஆனால் வேதாகமத்தில் எனக்கு மிக நெருக்கமான பகுதியே இதுதான்.

நான் பள்ளியில் படித்தபோது அப்பாவின் மளிகைக் கடை கடனில் மூழ்கியது. சரக்கையும் தராசையும் பாதி விலைக்கும் குறைவாக எடுத்துக்கொண்டு போனவர் அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒருவர், தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) ஒழுங்காகக் கொடுக்காத வீட்டின் மேல் கர்த்தருடைய கை இறங்கிவிட்டது என்று அம்மாவின் காதுபடவே சாட்சி சொன்னார். அந்த டிசம்பரில், வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வரும் கேரல் குழு எங்கள் வாசலைத் தாண்டிப் போய்விட்டது. தங்கை புதுச்சட்டை போட்டுக்கொண்டு நடுராத்திரி வரை விழித்திருந்தாள். இன்றும் பல இடங்களில் காணிக்கைக் கவரைப் பார்த்துத்தான் எந்த வீட்டில் எத்தனை பாட்டு என்று முடிவாகிறது. இதைச் சொன்னால் சபையைக் குறை சொல்கிறான் என்பார்கள். சொல்லட்டும்.

அப்போதுதான் அம்மா எங்களை உட்கார வைத்து, ஏதோமுக்கு எதிரான ஒபதியா தீர்க்கதரிசியின் புத்தகத்தைச் சத்தமாக வாசித்தார். மொத்தமே 21 வசனங்கள். எருசலேமை இடித்தது பாபிலோன், ஏதோம் அல்ல. ஆனால் ஏசாவின் வம்சமான ஏதோம், யாக்கோபின் பிள்ளைகளான இஸ்ரவேலர் விழுந்த நாளில் பார்த்துக்கொண்டு நின்றது, சந்தோஷப்பட்டது, ஆஸ்தியில் கைபோட்டது, தப்பி ஓடியவர்களை வழிச்சந்தியில் மறித்துப் பிடித்துக் கொடுத்தது. ஏசாவும் யாக்கோபும் அண்ணன் தம்பி என்பதால் குற்றம் இன்னும் கனமாகிறது. எங்களுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

அதோடு நின்றிருந்தால் அது வெறும் ஆறுதல்தான். சில வருடம் கழித்து சித்தப்பா பக்கவாதத்தில் படுத்தபோது, "பார்த்தியா, ஏதோம் விழுந்துச்சு" என்று சொல்ல எங்கள் உறவிலேயே ஆள் இருந்தது. அம்மா விடவில்லை. "கர்த்தருடைய ஆலயம் இடிஞ்சப்ப அம்மோன் 'ஆ ஆ'ன்னு சொன்னதுக்குத்தான் அதுக்கு தண்டனை வந்துச்சு. நாமளும் அதையே சொல்லலாமா?" என்று கேட்டுவிட்டு, கஞ்சி எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனார். இன்றுவரை நான் பெருமைப்படும் காரியம் அது. எரேமியா 48-ஐ வாசித்துப் பாருங்கள். மோவாபுக்கு வரும் அழிவைச் சொல்லிக்கொண்டே அதற்காக அலறுகிறது அந்த அதிகாரம், கடைசி வசனத்தில் மோவாபின் சிறையிருப்பைத் திருப்புவேன் என்று முடிகிறது.

நியாயத்தீர்ப்பே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நாகூம் தீர்க்கதரிசி எச்சரித்த அசீரியத் தலைநகர் நினிவே கி.மு. 612-இல் விழத்தான் செய்தது. ஆனால் குற்றப்பத்திரிகையையும் வாசியுங்கள். ஆமோஸ் புத்தகத்தின் முதல் இரண்டு அதிகாரங்களில் தமஸ்கு இஸ்ரவேலின் கீலேயாத் பகுதியை இரும்புக் கருவிகளால் போரடித்தது, காத்சா (இன்றைய காசா) மக்களைச் சிறைபிடித்து ஏதோமுக்கு ஒப்புவித்தது. மோவாப் செய்தது இஸ்ரவேலுக்கு எதிரானதுகூட இல்லை, ஏதோம் ராஜாவின் எலும்புகளை நீறாகச் சுட்டது. பகைவனின் பிணத்துக்குச் செய்த அவமானத்துக்கும் கர்த்தர் கணக்குக் கேட்கிறார். அதே வரிசையில்தான் யூதாவும், ஏழையை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்ற இஸ்ரவேலும் வருகின்றன. இந்தப் பெயர்களை இன்றைய போர்ச் செய்திகளோடு ஒட்டி வீடியோ போடுகிறவர்கள் இந்த வரிசை முடியும்வரை வாசிப்பதில்லை என்பது என் வருத்தம்.

குழுவாகப் படிப்பதாக இருந்தால் எசேக்கியேல் 26-இல் ஆரம்பிக்காதீர்கள். அதில் வரும் தீருவைப் பிடித்தது பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரா, கிரேக்க ராஜா அலெக்சாந்தரா என்ற விவாதத்திலேயே மாலை முழுவதும் போய்விடும். ஒபதியாவில் தொடங்கி, ஆமோஸ் 1, 2, அப்புறம் எரேமியா 48 என்று போங்கள்.