பனிக்காலத்தில் நிறம் தேடும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை வாசித்தேன். செப்டெம்பரில் யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்குப் படிக்க வந்து ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் அறை எடுத்திருக்கிறீர்கள். இலையுதிர் காலம் முழுவதும் கமராவும் கையுமாகத் திரிந்திருக்கிறீர்கள். டிசெம்பர் பிறந்ததும் ஊர் வெள்ளையும் சாம்பலுமாகிவிட்டது, எடுக்கும் படங்களில் பனிகூட வெள்ளையாக வருவதில்லை என்கிறீர்கள். “ஏப்ரல் வரைக்கும் இங்கே நிறமே கிடையாதா அக்கா? புது லென்ஸ் வாங்கினால் சரிவருமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

லென்ஸ் பேச்சைக் கடைசிக்கு வைக்கிறேன். நிறம் இருக்கிறது, ஆனால் கொஞ்சமாக இருக்கிறது. ஒக்டோபரில் மேப்பிள் மரங்களை எடுத்தபோது சட்டம் முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் நிரம்பி வழிந்திருக்கும். அந்தப் பழக்கத்தில்தான் இப்போதும் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பனிக்காலத்தில் சட்டத்தின் ஒரு மூலையில் விரல்நுனி அளவு சிவப்பு இருந்தாலே பார்ப்பவரின் கண் நேராக அங்கே போய் நிற்கும். அதனால் நான் தேடும் ஒழுங்கையே மாற்றிக்கொண்டேன். முதலில் சுத்தமான ஒரு வெள்ளைப் பரப்பைக் கண்டுபிடிப்பேன். குறுக்கே கம்பியோ குப்பைத்தொட்டியோ விளம்பரப் பலகையோ இருக்கக்கூடாது. பிறகு அதற்குள் ஒரு நிறம் வரும்வரை காத்திருப்பேன். நிறத்தைத் துரத்திக்கொண்டு ஓடினால் பின்னணி எப்போதும் குழப்பமாகவே அமையும்.

உங்கள் பனி சாம்பலாக வருவதற்குக் காரணம் கமராவின் கணக்கு. உள்ளே இருக்கும் ஒளியளவி, எதிரே தெரிவதெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல், அதாவது விழுகிற ஒளியில் ஏறக்குறைய 18 வீதத்தைத் திருப்பி அனுப்பும் பரப்பு என்று வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. நல்லூர் வீதிக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். புதிதாக விழுந்த பனியோ 80, 90 வீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. இவ்வளவு வெளிச்சமா என்று கமரா மிரண்டு படத்தை இருட்டாக்கிவிடுகிறது. பனி சாம்பலாவதோடு விஷயம் முடிவதில்லை. சிவப்பு கறுத்துப்போகிறது, மஞ்சள் மண்நிறமாகிறது. நிறமே இல்லை என்று நீங்கள் நினைத்த படங்களில் பாதி இப்படிப் போனவையாக இருக்கலாம்.

கமராவில் கூட்டல் கழித்தல் குறி போட்ட ஒரு பொத்தான் இருக்கும். மப்பான நாளில் அதை +1இல் வையுங்கள். வெயிலில் சட்டம் முழுக்கப் பனி என்றால் +1.7 வரைக்கும் போகலாம். போனில் எடுப்பதானால் நிறமுள்ள பொருளின்மேல் விரலால் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே இழுத்தால் அதே வேலை நடக்கும். அதற்குமேல் கூட்ட வேண்டாம். பனியின் மேடு பள்ளமெல்லாம் அழிந்து வெறும் காகிதமாகிவிடும், சிவப்பும் வெளிறிவிடும். பிறகு கணினியில் நிறச் செறிவை ஏற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அப்படி ஏற்றிய படங்களில் பனியின் நிழலெல்லாம் ஊதா அடித்திருக்கும். அதைப் பார்த்தால் எனக்குத் தலை வலிக்கிறது.

வெயில் வரட்டும் என்று காத்திருப்பதையும் விட்டுவிடுங்கள். வெயில் நாளில் பனியின் பளபளப்பு எல்லாவற்றையும் அமுக்கிவிடும். மப்பு நாளில் ஒளி மேலே முகிலிலிருந்தும் கீழே பனியிலிருந்தும் இரண்டு பக்கமாக வருகிறது. ஒரு பழக்கொத்தின் அடிப்பக்கம்கூட இருட்டாக இருக்காது. பனி மெல்லத் தூறிக்கொண்டிருக்கும் பொழுது இன்னும் நல்லது. தூரத்துக் கட்டடங்கள் மறைந்து பின்னணி தானாகவே சுத்தமாகிவிடும். பனிச் செதில்களை நிற்கவைத்து எடுக்க விரும்பினால் ஷட்டர் வேகம் 1/500 செக்கன், கோடுகளாக விழவேண்டுமானால் 1/60 அளவில் வையுங்கள். பிளாஷ் போடாதீர்கள். லென்ஸுக்கு அருகே விழும் செதில்கள்தான் பெரிய வெள்ளை உருண்டைகளாகப் பதியும்.

இனிப் பறவைகள். இந்த ஊரில் பனிக்காலச் சிவப்பு என்றால் எனக்கு முதலில் கார்டினல்தான். குளிருக்குப் பயந்து தெற்கே பறந்துவிடாமல் ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கும். ஆண் பறவை கொண்டையிலிருந்து வால்வரை சிவப்பு, அலகைச் சுற்றி மட்டும் கறுப்பு. அமெரிக்காவில் ஏழு மாநிலங்கள் இதைத் தங்கள் பறவையாக வைத்திருக்கின்றன. அந்தச் சிவப்பு அது தின்னும் பழங்களிலும் விதைகளிலும் உள்ள நிறமிகளிலிருந்து வருகிறது. கோடை முடிவில் இறகு மாற்றும்போது புது இறகுகளின் நுனியில் சாம்பல் பூத்திருக்கும். பனிக்காலம் போகப்போக அந்த நுனிகள் தேய்ந்து உள்ளே இருக்கும் சிவப்பு வெளிப்படும். ஆகவே நவம்பரில் பார்த்த பறவையைப் பெப்ரவரியில் மறுபடி பாருங்கள், கூடுதல் சிவப்பாக இருக்கும்.

விடியும்போது முதலாவதாகவும், இருட்டும்போது கடைசியாகவும் இரைதேட வருவது பெரும்பாலும் இந்தப் பறவைதான். நான் இரவு வேலை முடித்து பஸ்ஸால் இறங்கி வரும் நேரமும் அதுவாக இருப்பதால் எனக்கு வசதியாகப் போய்விட்டது. உலோகத்தைத் தட்டியதுபோல் “சிப்” என்று ஒரு கூர்மையான சத்தம் கேட்டால் பக்கத்துப் பற்றைக்குள் பாருங்கள், உயரமான மரத்தில் தேட வேண்டாம். வீட்டுக்காரர் சம்மதித்தால் பின்வளவில் சூரியகாந்தி விதை வைத்த கூடு ஒன்றைத் தொங்கவிடலாம். பூங்காவில் தீவனம் போடாதீர்கள், நகரச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. பெண் கார்டினலையும் தவறவிடாதீர்கள். எல்லாரும் ஆணைத்தான் எடுக்கிறார்கள். எனக்கு அந்த மண்நிற உடம்பும் கொண்டையிலும் இறக்கையிலும் தொட்டுவைத்த சிவப்பும் செம்மஞ்சள் அலகும்தான் கூடுதலாகப் பிடிக்கும்.

மப்பு நாள்தான் நல்லது என்று சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. மல்லார்ட் வாத்தின் பச்சைத் தலையில் பச்சை நிறமி எதுவும் இல்லை. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்பும்போதுதான் அந்தப் பச்சை உண்டாகிறது. வெளிச்சம் சரியான பக்கத்திலிருந்து விழாவிட்டால் தலை வெறும் கறுப்பாகத் தெரியும். எனவே வெயில் அடிக்கும் நாளில் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வாத்துகளிடம் போங்கள். ஸ்காபரோவின் புளவர்ஸ் பூங்காவில் பனிக்காலத்திலும் வாத்துகள் இருக்கும். அன்னங்களும் அங்கே வரும். வெள்ளைப் பனியில் வெள்ளை அன்னம் நிற்கும்போது அந்தச் செம்மஞ்சள் அலகு மட்டுமே தனியாகத் தெரியும். மேலேயுள்ள மண்மேட்டின் விளிம்புக்கு மட்டும் போகவேண்டாம். அந்த மேடு எப்போதும் அரித்து விழுந்துகொண்டிருக்கிறது, பனி மூடியிருக்கும்போது விளிம்பு எது என்றே தெரியாது. குளத்துப் பனிக்கட்டியின்மேலும் ஏறாதீர்கள்.

செடிகளைப் பொறுத்தவரை மூன்றைத் தெரிந்துவைத்தால் போதும். ஈரமான இடங்களிலும் ஓடைக் கரைகளிலும் பற்றையாக நிற்கும் ஒருவகை டாக்வுட் செடியின் தண்டு இலை கொட்டியபின் இரத்தச் சிவப்பாக இருக்கும். பனிக்காலம் முடியும் நேரத்தில் அந்தச் சிவப்பு இன்னும் ஏறும். றூஜ் தேசிய நகரப் பூங்காவின் சதுப்போரங்களில் தேடிப் பாருங்கள். கிட்டப்போய் ஒரு தண்டை எடுப்பதைவிட, சற்று விலகி நின்று பனிக்கு நடுவே சிவப்புக் கோடுகளாகத் தெரியும்படி எடுத்தால் அழகு. இரண்டாவது சுமாக். நெடுஞ்சாலைச் சரிவுகளிலும் ரயில் பாதை ஓரங்களிலும் கூட்டமாக நிற்கும். மொட்டைக் கிளை நுனிகளில் கருஞ்சிவப்புக் கூம்புகள் நிமிர்ந்திருக்கும், அவற்றின்மேல் பனி தொப்பி வைத்திருக்கும். நஞ்சு என்று சிலர் பயமுறுத்துவார்கள். நஞ்சான சுமாக்கின் காய் வெள்ளை, அது வேறு செடி. அரபுக் கடைகளில் இறைச்சிக்குத் தூவ விற்கும் புளிப்புப் பொடி இந்தச் சிவப்புச் சுமாக்கின் உறவுச் செடியிலிருந்துதான் வருகிறது. மூன்றாவது விண்டர்பெரி. இலையே இல்லாமல் கொம்பு முழுக்கச் சிவப்புப் பழம். பறவைகள் தின்று முடிப்பதற்கு முன், டிசெம்பரிலேயே எடுத்துவிடுங்கள்.

நகரத்துக்குள் என்றால் நேரம்தான் முக்கியம். பனி விழுந்த சில மணி நேரத்துக்குள் வீதிக்கு உப்புப் போட்டுவிடுவார்கள். அதன்பிறகு தெருவோரம் மண்ணிறச் சேறுதான். விடியற்காலையில் குவீன் வீதிக்குப் போனால் நகரப் போக்குவரத்துச் சேவையான ரிரிசியின் சிவப்பு ஸ்ட்ரீட்கார்கள் (தண்டவாளத்தில் ஓடும் ட்ராம்கள்) வெள்ளைத் தெருவில் வருவதைப் பார்க்கலாம். பனி அள்ளும் வண்டிகளின் நீல விளக்கும், மஞ்சள் பள்ளிக்கூடப் பஸ்ஸும் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் நிறங்கள். பெப்ரவரியில் குடும்ப நாள் விடுமுறையோடு வூட்பைன் கடற்கரையில் உயிர்காப்பாளர் மேடைகளைச் சுற்றி வண்ண வண்ணமாகக் கலைப்பொருட்கள் அமைப்பார்கள். ‘விண்டர் ஸ்டேஷன்ஸ்’ என்று பெயர், 2015இல் தொடங்கியது. கடற்கரை என்று சொன்னாலும் அது ஒன்ராறியோ ஏரிதான். டொன் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலையில் வடக்கே போகும்போது வானவில் தீட்டிய சுரங்க வழி ஒன்று தெரியும். 1972இல் பேர்க் ஜோன்சன் என்ற இளைஞர், விபத்தில் இறந்த தோழியின் நினைவாக வரைந்தது. நகரசபை அழிக்க அழிக்க அவர் திரும்பத் திரும்ப வரைந்தார். மொக்கசின் ட்ரெயில் பூங்காவிலிருந்து நடந்தே அதற்குப் போகலாம். ஓடும் காரிலிருந்து எடுக்கவேண்டாம்.

நம் ஆட்களையும் விட்டுவிடாதீர்கள். மாலை ஐந்து மணிக்கே இருட்டும் ஜனவரியில் ஸ்காபரோச் சேலைக் கடையின் கண்ணாடிக்கு வெளியே பனி கொட்டும்போது உள்ளே காஞ்சிபுரப் பட்டுகள் நிற்கும் நிறத்துக்கு எந்த மேப்பிள் மரமும் ஈடாகாது. கடைக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். பொங்கலன்று முற்றத்துப் பனியை மிதித்துச் சமமாக்கிக் கோலம் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெள்ளைப் பனியில் வெள்ளை அரிசிமா யார் கண்ணுக்குத் தெரியும்? மஞ்சளும் குங்குமமும் கலர்ப் பொடியும்தான். நல்ல குளிராக இருந்தால் பொடி அப்படியே நிற்கும். பூச்சியப் பாகையை ஒட்டியிருந்தால் விளிம்பு ஊறிப் பரவிவிடும், கோலம் முடிந்தவுடனேயே எடுத்துவிட வேண்டும். சறுக்குமரம் விளையாடும் பிள்ளைகளின் உடுப்புகளும் நல்ல நிறமாக இருக்கும்தான். ஆனால் பெற்றோரைக் கேட்காமல் கமராவைத் தூக்காதீர்கள்.

நீலத்தையும் நிறமாகக் கணக்கில் எடுங்கள். நிழலில் கிடக்கும் பனிக்கு வெயில் எட்டாது, வானத்தின் ஒளி மட்டுமே எட்டும், அதனால்தான் நீலமாகிறது. அதைக் குற்றமாக நினைத்து முழுவதும் வெளுக்க வைக்காதீர்கள். கனடிய ஓவியர் லோரன் ஹாரிஸ் நூறாண்டுக்கு முன்னர் ரொறன்ரோவின் ஏழைத் தெருக்களைப் பனிக்காலத்தில் வரைந்தபோது அந்த நீல நிழலையும் வீட்டுச் சுவரின் சிவப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவருடைய ஓவியங்கள் ஒன்ராறியோ ஓவியக் கூடத்தில் இருக்கின்றன. 25 வயதுவரை அங்கே நுழைவு இலவசம், ஒருநாள் போய்ப் பாருங்கள். சூரியனும் இங்கே உங்களுக்கு உதவி செய்கிறது. டிசெம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் உச்சி வெயில் ஏறக்குறைய 57 பாகை உயரத்தில் நிற்கும், ரொறன்ரோவில் 23 பாகைதான். அதனால் நண்பகலிலும் நிழல்கள் நீண்டு கிடக்கும். ஊரில் மாலை நான்கரைக்குக் கிடைக்கும் சாய்ந்த ஒளி இங்கே மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே கிடைத்துவிடுகிறது. சூரியன் மறைந்தபின் வரும் நீலப் பொழுதும் ஊரைவிட நீளமானது. அப்போது ஒரு வீட்டு யன்னலின் மஞ்சள் விளக்கு போதும்.

கமராவைக் காப்பாற்றுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும். இன்னொன்றை உடம்போடு ஒட்டிய உள்பையில் வைத்திருந்து மாற்றுங்கள். போனும் அப்படியே, திடீரென்று அணைந்துவிடும். வீட்டுக்குள் நுழைவதற்கு முன், வெளியிலேயே கமராவைப் பொலித்தீன் பைக்குள் போட்டு இறுக்கி மூடுங்கள். உள்ளே வந்தபின் ஈரம் பையின்மேல் படியும், கமராவில் படியாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்கக்கூடாது. மெமரி கார்டை முதலிலேயே எடுத்துவிட்டால் பொறுமை தானாக வரும். லென்ஸில் பனி ஒட்டினால் வாயால் ஊதாதீர்கள், அங்கேயே உறைந்துவிடும். மெல்லிய கையுறை ஒன்று, அதற்குமேல் விரல் பிரியாத தடித்த கையுறை ஒன்று.

இப்போது லென்ஸ். கமராவோடு வந்த 18–55 லென்ஸே பறவைகளைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் போதும். பறவை எடுக்க 250, 300 மில்லிமீற்றர் வேண்டும். அதைப் பழையதாக, பொறுத்திருந்து வாங்கலாம். உங்கள் கேள்வியில் சப்பாத்து நனைந்து கால் விறைப்பதாக ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அந்தக் காசில் முதலில் நீர் புகாத, உள்ளே கம்பளி வைத்த பூட்ஸ் வாங்குங்கள். டிசெம்பர் 26, பாக்சிங் டே கழிவு விலையில் வாங்கினால் நல்லது. கணுக்காலுக்குமேல் உயரம் இருக்கட்டும். தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து, அரை அளவு பெரிதாக எடுங்கள். கால் விறைத்தவன் பற்றைக்கு முன்னால் கார்டினலுக்காக அரை மணி நேரம் நிற்கமாட்டான்.